கம்பு எல்லோருக்கும், வர்மம் யாருக்கு?

கடலூர் முதுநகரில் நான் பல வருடங்களாகப் போய்வரும் சிலம்பக் கூடம் இப்போது ஒரு முடிவு எடுத்தாக வேண்டிய இடத்தில் நிற்கிறது. வாத்தியாருக்கு வயதாகிவிட்டது. கம்பு பிடிக்கும் கை இன்னும் நடுங்கவில்லை, ஆனால் முழங்கால் ஒத்துழைக்க மறுக்கிறது. அவருக்குத் தெரிந்ததை எந்த வழியில் அடுத்தவர்களிடம் சேர்ப்பது என்பதில் கூடத்துக்குள்ளேயே நான்கு கட்சி.

கம்பு சுற்றுவதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. அது பிழைத்துக்கொண்டது. கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, அரசியல் கட்சி ஊர்வலம் என்று எங்கே போனாலும் கம்பு சுழற்றும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கவலையெல்லாம் அதற்கு உள்ளே இருப்பதைப் பற்றி: உடம்பின் உயிர்நிலைகளை அறியும் கலையான வர்மம், பிடி வரிசையின் நுணுக்கங்கள், அடிபட்டு விழுந்தவனை எழுப்பும் இளக்குமுறை, மூச்சை அடக்கும் பயிற்சி, ஆயுத பூஜையன்று கம்புகளுக்கு முன் வாத்தியார் வாய்க்குள் முணுமுணுக்கும் பாடல்கள். இவற்றில் எதுவுமே போட்டியில் மதிப்பெண் பெறாது. எதையும் மேடையில் காட்ட முடியாது. இதே சிக்கல் எங்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. சுமார் 22 கிலோமீட்டர் தள்ளி புதுச்சேரியில் கூடம் நடத்துகிற நண்பர்களும் இதையேதான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே நான்கு வழிகளையும் எனக்குத் தெரிந்தவரை எடைபோட்டுப் பார்க்கிறேன்.

முதல் கட்சி, மூத்த மாணவர் ஒருவருடையது. எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன். பழைய முறையே போதும் என்பது அவர் வாதம். வெற்றிலை பாக்கோடு தட்சணை, சத்தியம், ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு, கடைசியில் தகுதியானவன் என்று வாத்தியாருக்குத் தோன்றினால் மட்டும் வர்மம். கேட்கும்போது சிரிப்பு வரலாம். ஆனால் இந்த முறைக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. புதிதாக வருகிறவருக்கு முதலில் கம்பே கிடையாது. மணலில் கோடு போட்டு, அதன்மேல் காலடி மட்டும். வாத்தியார் முகத்தைப் பார்ப்பதில்லை, குதிகாலைத்தான் பார்ப்பார். காலடி படிந்த பிறகு புருவ உயரத்துக்குக் கம்பு வெட்டித் தருவார். பிறகு வீச்சு, அடி, தடுப்பு, பிடி, குத்துவரிசை; அதன்பின் மான்கொம்பு, சுருள்வாள். வர்மம் எல்லாவற்றுக்கும் பின்னால். அதிலும் அடிக்கும் இடத்தைச் சொல்வதற்கு முன் இளக்கும் முறையைச் சொல்லிவிடுவார். எடுக்கத் தெரியாதவன் கொடுக்கக் கூடாது என்பது அவருடைய கணக்கு.

ஒரு மாலை இரண்டு மாணவர்களை எதிரெதிரே உட்காரவைத்து, ஒருவர் மணிக்கட்டின் மடிப்பிலிருந்து மேல்நோக்கி அளக்கும்படி மற்றவரிடம் சொன்னார். அந்தத் தம்பி தன் விரல்களை வைத்து அளந்தார். வாத்தியார் கையைத் தட்டிவிட்டார். “யாருடைய உடம்போ, அவருடைய விரல்” என்றார். விரலடைக் கணக்கு அதுதான்: குழந்தையின் உடம்புக்குக் குழந்தையின் விரல், பயில்வானின் உடம்புக்குப் பயில்வானின் விரல். அடுத்து அழுத்தம். கால் மாத்திரை, அரை மாத்திரை, முக்கால், முழு மாத்திரை. கால் மாத்திரை என்றால் எவ்வளவு என்று கேட்டவருக்கு அவர் பதில் சொல்லவில்லை. கேட்டவரின் முன்கையிலேயே அழுத்திக் காட்டினார். பிறகு தன் கையை நீட்டி, அதே அளவு அழுத்தும்படி சொன்னார். “கூடிவிட்டது. இப்போது குறைவு. மறுபடியும் கூடிவிட்டது.” இருட்டும்வரை இதுதான் பாடம். அந்த மாலைக்குப் பிறகு அண்ணனின் கட்சியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆனாலும் அந்த முறையின் ஓட்டைகள் சின்னவை அல்ல. எல்லாம் ஒரே உயிரை நம்பி நிற்கிறது. பன்னிரண்டு ஆண்டு காத்திருக்கச் சொல்வது, படித்து முடித்ததும் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போகிற பிள்ளைகளிடம் எடுபடாது. தகுதி என்ற பெயரில் சாதியும் ஆண் என்பதும் எத்தனையோ இடங்களில் உள்ளே நுழைந்திருக்கின்றன. இதைப் பழமையின் பெருமை பேசுகிறவர்கள் மேடையில் சொல்வதில்லை. இன்னொன்றும் உண்டு. புலிக்கு எல்லா வித்தையையும் சொல்லிக்கொடுத்த பூனை, மரம் ஏறுவதை மட்டும் மறைத்துக்கொண்ட கதையைச் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். பூனையின் புத்திசாலித்தனத்தை ரசிக்கிறோம். ஒவ்வொரு தலைமுறை வாத்தியாரும் ஒரு மரத்தை மறைத்தால் நான்காவது தலைமுறைக்கு என்ன மிஞ்சும் என்று யாரும் கேட்பதில்லை.

ரகசியம் என்றால் நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. சிதம்பரத்தில் ஒரு திரை இருக்கிறது. வடலூரில் ஏழு திரைகள். வள்ளலார் 1872இல் நிறுவிய சத்திய ஞான சபையில், தைப்பூசத்தன்று அந்த ஏழும் விலகுகின்றன. வரிசையில் நிற்கும் யாருக்கும் ஜோதி தெரிகிறது. திரை என்றைக்கு விலகும் என்பது எல்லோருக்கும் தெரியும். பழைய வர்ம முறையில் திரை உண்டு, நாள் குறிக்கப்படவில்லை. விலக்குவதா வேண்டாமா என்பது ஒரே மனிதரின் மனநிலையைப் பொறுத்தது. என் குறை அதில்தான்.

சத்தியம் வாங்கும் வழக்கத்தை வைத்துக்கொண்டே கதவை அகலமாகத் திறந்தவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானின் கட்டோரி ஷின்டோ ரியு என்ற பழைய வாள் மரபில், இன்றும் சேருகிறவர் ரத்தம் தொட்டு உறுதிமொழி எடுக்கிறார். 1960இல் சிபா மாநில அரசு அதைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. வெளிநாட்டாரும் அதே உறுதிமொழியை எடுத்துக் கற்றிருக்கிறார்கள். பிறப்பைக் கேட்காமல் உறுதியை மட்டும் கேட்க முடியும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

இரண்டாவது கட்சி விளையாட்டுக் கட்சி. உடற்கல்வி ஆசிரியராக இருக்கும் தம்பி ஒருவர் இதன் தலைவர். அவர் கையில் நல்ல சீட்டுகள் இருக்கின்றன. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் 2021இல் சிலம்பம் சேர்க்கப்பட்டது. நாட்டுப்புற, பாரம்பரிய விளையாட்டுகளை வளர்க்கும் கேலோ இந்தியா திட்டத்தில் களரிப்பயிற்று, கட்கா, தாங்-டா, மல்லர் கம்பம் ஆகியவற்றோடு சிலம்பமும் இடம் பிடித்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. “பிள்ளையைச் சிலம்பத்துக்கு அனுப்பினால் என்ன கிடைக்கும்?” என்று கேட்கும் பெற்றோருக்கு முதல் முறையாகச் சொல்ல ஒரு பதில் கிடைத்தது. பெண் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்ததற்கும் இந்த வழிதான் காரணம். (புதுச்சேரிப் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன ஒதுக்கீடு தமிழ்நாடு அரசுடையது. எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் அரசு வேறு, விதியும் வேறு. கடலூர்க்காரர் சொன்னதை நம்பாமல் உங்கள் விளையாட்டுத் துறையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.)

இழப்பு எங்கே என்றால், மதிப்பெண் பெறாதது மெல்ல உதிர்ந்துவிடுகிறது. தனித்திறமைப் பிரிவில் வேகமும் அழகும் கண்ணைப் பறிக்கின்றன. அதனால் அலங்கார வீச்சு வளர்கிறது, போர்ச் சிலம்பம் தேய்கிறது. தொடுமுறையில் கம்பு உடம்பைத் தொட்டால் புள்ளி. தொட்ட பிறகு எதிராளியின் கம்பு உங்கள் மேல் எங்கே இறங்கியிருக்கும் என்ற கேள்வியே அங்கு எழாது. பிடி வரிசைக்கும் மூச்சுக்கும் இடமே இல்லை. போட்டிக்கு மூன்று மாதம் இருக்கும்போது எந்தப் பயிற்சியாளரும் காலடிக்கு ஒரு மாதம் ஒதுக்க மாட்டார். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை.

இங்கே ஜூடோவின் வரலாறு எனக்குப் பெரிய பாடமாகத் தெரிகிறது. ஜிகோரோ கானோ 1882இல் கோடோகனைத் தொடங்கியபோது, பழைய ஜுஜுட்சுவில் இருந்ததையெல்லாம் தூக்கி எறிந்துவிடவில்லை. இரண்டாகப் பிரித்தார். இருவர் முழு பலத்தோடு மோதிப் பழகினாலும் கைகால் உடையாதவை ஒரு பக்கம். உயிர்நிலைகளில் விழும் அடி, கத்தி போன்ற ஆபத்தானவை மறுபக்கம். அவற்றைக் ‘கத்தா’ என்னும் முன்கூட்டி வகுத்த வரிசைகளுக்குள் வைத்தார். அருமையான ஏற்பாடு. ஆனால் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ நுழைந்த பிறகு, பதக்கம் முதல் பக்கத்தில்தான் கிடைத்தது. இன்று பட்டைத் தேர்வுக்காக மட்டும் கத்தாவைக் கற்றுவிட்டு மறப்பவர்கள் ஏராளம். பிரித்து வைத்தால் மட்டும் போதாது. இரண்டாவது பெட்டியைத் திறக்க யாராவது வாரா வாரம் வர வேண்டும்.

மூன்றாவது கட்சி கேமரா கட்சி. எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்துவிடுவோம், பிறகு யார் போனாலும் கவலை இல்லை என்கிறார்கள். இளைஞர்களுக்கு இதில் அபார நம்பிக்கை. புதுச்சேரியில் செயின்ட் லூயி தெருவில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தை அவர்கள் உதாரணம் காட்டுகிறார்கள். 1955இல் தொடங்கிய அந்த நிறுவனம் சேர்த்த சைவச் சுவடிகள், புதுச்சேரியின் சைவச் சுவடித் தொகுப்பில் பெரும்பகுதி. அந்தத் தொகுப்பை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அங்கே ஏடுகள் பூச்சிக்கும் ஈரத்துக்கும் தப்பியிருக்கின்றன. மறுக்கவில்லை. ஆனால் சுவடி பிழைத்திருப்பதும் அதைச் செய்யும் கை பிழைத்திருப்பதும் வேறு வேறு. வர்ம ஏடுகள் பெரும்பாலும் பரிபாஷை என்னும் மறைமொழியில் இருக்கின்றன. பாட்டை மனப்பாடம் செய்தவருக்கும் குரு பக்கத்தில் இல்லையென்றால் பொருள் பிடிபடாது. வேண்டுமென்றே அப்படித்தான் எழுதினார்கள். வீடியோவிலும் வேறொரு வகையில் இதே சிக்கல். விரல் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியும். எவ்வளவு அழுத்துகிறது என்று தெரியாது. கால் மாத்திரையைப் படம் பிடிக்க எந்தக் கேமராவும் இல்லை.

ஆபத்தும் இருக்கிறது. தொண்ணூறுகளில் வந்த ஒரு திரைப்படத்துக்குப் பிறகு, இரண்டு விரலை நீட்டிக்கொண்டு நண்பனின் கழுத்தைக் குறிபார்க்காத பையனே தமிழ்நாட்டில் இல்லை. 2011இல் இன்னொரு படம் வந்து, முறைத்துப் பார்த்தே ஆளை வீழ்த்தும் நோக்கு வர்மத்தை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. கூடத்துக்கு வரும் புதியவர்கள் இன்றும் முதலில் கேட்பது அதைத்தான். பார்வையால் ஆளைச் சாய்க்க முடியும் என்பதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. மரபைக் காப்பது என்றால் மரபின் பெயரில் சொல்லப்படும் எல்லாவற்றையும் உண்மை என்று ஒப்புக்கொள்வது ஆகாது. கதையைக் கதையாகச் சொல்லிக்கொடுங்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், கெடுதலும் இல்லை. ஆனால் கழுத்திலும் நெஞ்சிலும் படும் அடி கதை இல்லை. இதயத் துடிப்பின் ஒரு குறிப்பிட்ட நொடிப் பிசிறில் நெஞ்சில் விழும் அடி, எலும்பு ஒன்றும் உடையாமலே இதயத்தின் தாளத்தைக் குலைத்து நிறுத்திவிடக்கூடும் என்பது மருத்துவர்கள் பதிவு செய்திருக்கும் விஷயம். பெரும்பாலும் மைதானத்தில் விளையாடும் சிறுவர்களுக்கே அது நேர்ந்திருக்கிறது. அப்படி விழுந்தவரை எழுப்ப வேண்டியது உடனடி நெஞ்சழுத்தமும் மின்னதிர்ச்சிக் கருவியும்தான். இளக்குமுறையை நான் மதிக்கிறேன். இருந்தாலும் எந்தக் கூடமாக இருந்தாலும் அதற்கு முன்பாக முதலுதவிப் பயிற்சி எடுத்தே ஆக வேண்டும் என்பேன். இதில் அண்ணனுக்கும் எனக்கும் வாக்குவாதம் முற்றிப் பேசாமல் இருந்த நாட்களும் உண்டு.

பதிவு செய்வதையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதைப் பதிவு செய்வது என்பதில்தான் தகராறு. வாத்தியார் தனியாக நின்று அழகாகச் செய்து காட்டும் வரிசைகளைப் பிடிப்பதில் பாதிப் பயன்தான். அவர் திருத்துவதைப் பிடியுங்கள். “கூடிவிட்டது, இப்போது குறைவு” என்று இருட்டும்வரை சொன்னாரே, அந்த மாலை பதிவாகியிருந்தால் அதுதான் பொக்கிஷம். பத்துப் பேர் பத்து விதமாகத் தப்புச் செய்து, பத்தையும் அவர் எப்படிச் சரிசெய்கிறார் என்று இருந்தால், நாளைக்கு ஒரு புதிய வாத்தியார் அதை வைத்துக்கொண்டு பாடம் நடத்த முடியும். பொதுவில் வைப்பதா என்ற கேள்விக்கும் நடுவழி உண்டு. இந்திய அரசு 2001இல் தொடங்கிய பாரம்பரிய அறிவு மின்நூலகத்தில் சித்த மருத்துவ நூல்களும் இருக்கின்றன. அது பிறர் காப்புரிமை எடுப்பதைத் தடுப்பதற்காகக் காப்புரிமை அலுவலகங்களுக்குக் காட்டப்படும் தொகுப்பு. என்ன இருக்கிறது என்று தெரியும், யார் பார்க்கலாம் என்பதற்கு விதி உண்டு. ஒரு சின்னக் கூடமும் இதைப் பின்பற்றலாம்: பொருளடக்கம் எல்லோருக்கும், உள்ளடக்கம் உறுதிமொழி எடுத்தவர்களுக்கு.

நான்காவது வழியைச் சொன்னவர் கூடத்துக்கு வரும் சித்த மருத்துவர். வர்மத்தை மருத்துவத்தோடு சேர்த்துவிட்டால் அரசே காப்பாற்றும் என்கிறார். பாதி சரி. வர்மம் 108, அதில் அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, அந்த அளவு ஆபத்தில்லாத தொடுவர்மம் 96 என்ற கணக்கு இன்று சித்த மருத்துவப் பட்டப்படிப்பில் பாடமாகவே இருக்கிறது. தாம்பரம் சானட்டோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் வர்ம சிகிச்சை அளிக்கிறார்கள். குணப்படுத்தும் பாதிக்கு இதைவிடப் பத்திரமான வீடு கிடையாது. எங்கள் வாத்தியாரைப் போன்றவர்களுக்கு இதில் வேறொரு நிம்மதியும் உண்டு: பதிவு பெறாதவர் வைத்தியம் பார்த்தால் சட்டச் சிக்கல் வரும், பதிவு பெற்ற மருத்துவர் பக்கத்தில் இருந்தால் அந்தப் பயம் இல்லை. ஆனால் மருத்துவமனைக்குள் போகும் வர்மம் கம்பை வாசலில் வைத்துவிட்டுப் போகிறது. அடி எந்தக் கோணத்தில் வந்தால் எந்த இடம் சிக்கும், அதற்குக் காலடி எப்படி மாறும் என்பதெல்லாம் நோயாளியைப் படுக்கவைத்துக் கற்கக்கூடியவை அல்ல. கேரளக் களரியில் இந்த இரண்டும் பிரியாமல் நிற்பதைப் பார்க்கிறோம். மெய்த்தாரி, கோல்தாரி, அங்கத்தாரி, வெறுங்கை என்று படிப்படியாக ஏறுகிற அதே இடத்தில் எண்ணெய் தேய்த்து உழியும் சிகிச்சையும் நடக்கிறது. ஆரோவில் பக்கம் களரி கற்கப் போகிறவர்கள் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் கேரளக் களரியில் பதில் இருக்கிறது: 2017இல் பத்மஸ்ரீ பெற்ற மீனாட்சி குருக்கள், எழுபதைக் கடந்தும் வாளும் கேடயமும் ஏந்திக் களத்தில் நின்றவர்.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். காப்பாற்ற வேண்டியது ரகசியங்களின் பட்டியல் என்று நினைத்தால் நான்கு கட்சியும் அடித்துக்கொள்ளும். நான் காப்பாற்ற நினைப்பது கற்பிக்கும் வரிசையை: காலடிக்குப் பின் கம்பு, இளக்குமுறைக்குப் பின் அடி, தன் உடம்பில் வாங்கிய பின் பிறர் உடம்பில். இந்த வரிசை இருந்தால் போட்டியும் அதைக் கெடுக்காது, கேமராவும் கெடுக்காது. ஆகவே எங்கள் கூடம் விளையாட்டு வகுப்பாகவே நடக்கட்டும். பிள்ளைகளும் கட்டணமும் அங்கிருந்துதான் வர வேண்டும். அதற்குப் பின்னால் ஞாயிற்றுக்கிழமை காலை ஓர் உள்வகுப்பு. அதில் சேர ஆணா பெண்ணா, எந்தத் தெரு என்ற கேள்வி கூடாது. வயது பதினெட்டு, இத்தனை வருடப் பயிற்சி, முதலுதவிச் சான்று, உறுதிமொழி. இந்த நிபந்தனைகளைச் சுவரில் எழுதிப் போட வேண்டும். தொடுவர்மமும் இளக்குமுறையும் சித்த மருத்துவர் உடனிருக்க. படுவர்மம் கடைசியில், உள்வகுப்பிலிருந்து தேர்ந்த சிலருக்கு. அந்தச் சிலரை வாத்தியாரும் இன்னும் இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும், அவர் ஒருவராக அல்ல.

எல்லாக் கூடத்துக்கும் இது பொருந்தாது. வாத்தியார் நல்ல திடகாத்திரமாக இருந்து, ஏற்கெனவே இரண்டு மூன்று பேரைத் தயார் செய்திருந்தால், பதிவைப் பற்றி அவசரப்பட வேண்டாம். பழைய முறையில் சுவரில் எழுதிப் போடும் வேலை ஒன்றை மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும். வாத்தியார் படுத்துவிட்டார், வாரிசு இல்லை என்றால் யோசிக்க நேரமில்லை, முதலில் பதிவு, உள்வகுப்பு பிறகு. பிள்ளைக்குக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் கிடைத்தால் போதும் என்கிற பெற்றோர், வர்மம் சொல்லித் தருவதாகப் பலகை மாட்டியிருக்கும் இடத்தைவிடக் காலடியைத் திருத்தும் இடத்தைத் தேடட்டும். முதல் மாதமே வர்மம் என்கிற இடத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

வாத்தியாரிடம் இதையெல்லாம் சொன்னோம். பெண் பிள்ளைகளுக்கு உள்வகுப்பு என்றதும் அண்ணன்தான் முகம் சுளித்தார். வாத்தியார் ஒன்றும் சொல்லாமல், இருப்பதிலேயே காலடி சுத்தமாக இருக்கும் ஒரு பெண்ணின் பெயரை முதலில் எழுதச் சொன்னார். பதிவுக்கு அவர் ஒரே நிபந்தனை வைத்தார்: படுவர்மத்தைப் பேசும்போது கேமரா அணைந்திருக்க வேண்டும். அதை அவர் தன் நோட்டில் எழுதித் தருவார். மற்றதைப் பிடிக்கலாம். இதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.

மிச்சம் இருப்பது பிரதிகள் எங்கே இருக்கும் என்பது. ஒன்று அண்ணன் வீட்டு பீரோவில் என்று முடிவாகிவிட்டது. அப்படியாவது அவர் மனம் ஆறட்டும். இரண்டாவதைப் புதுச்சேரி நண்பர்களிடம் கொடுக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தது இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையில்தான். ஒரே காற்றில் இரண்டு பீரோவும் நனைந்துவிடும். விருத்தாசலத்தில் உறவினர் இருக்கும் மாணவர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கேட்டிருக்கிறோம்.